கூரைப் பறவையின் மஞ்சள் வால்

போன மாதம் லோசானில் ஒரு கலியாண வீடு. எங்கள் வயதுக்காரர் எல்லோரையும் ஒரே வட்ட மேசையில் இருத்தியிருந்தார்கள். முழங்கால் நோவும் கொலஸ்ட்ரோலும் கதைத்து முடிந்த பிறகு, பேச்சு எப்படியோ எங்கள் அம்மாமார் துடைத்த வீடுகளுக்கு வந்தது. உங்களுக்குத் தெரியும்தானே, சின்னப் பிள்ளைகளாக இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய எங்களில் முக்கால்வாசிப் பேரின் கோடை விடுமுறை வேற்றார் குசினிகளில்தான் கழிந்தது. பள்ளிக்கூடம் பூட்டு. வீட்டில் பார்க்க ஆளில்லை. அம்மா வேலைக்குப் போகும்போது எங்களையும் இழுத்துக்கொண்டு போய், "ஒண்டையும் தொடாதை" என்ற ஒரே கட்டளையோடு ஒரு கதிரையில் இருத்திவிடுவார்.

ஒருத்தி, தன் அம்மா மணிக்கூட்டுக்காரர் வீட்டைத் துடைத்ததாகச் சொன்னாள். ஒரு மணிக்கூடும் சரியான நேரம் காட்டாதாம். சூக் நகரில் வளர்ந்தவன், நாய்க்கென்று தனி அறையும் அதற்குள் ஒரு சோபாவும் இருந்த வீட்டைச் சொல்லி எல்லோரையும் வென்றுவிடப் பார்த்தான். என் முறை வந்தது. "என்ரை அம்மா துடைச்சது சீன அரண்மனை" என்றேன். "ஜெனீவாவிலையோ? கதை விடாதை" என்று சிரித்தார்கள். சோறு வந்துவிட்டதால் மேலே சொல்ல முடியவில்லை. ஒரு நாயின் சோபாவிடம் தோற்க எனக்கு மனமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அரண்மனை என்றது கொஞ்சம் கூடத்தான். ஏரிக்கரையோரம் பஸ்ஸில் போய், கடைசிக்கு முந்தின தரிப்பில் இறங்கி, மேட்டுப் பாதையில் ஏறினால் அந்த வீடு. தெருவில் நின்று பார்த்தால் பச்சை யன்னல் கதவுகள் போட்ட சாதாரண ஜெனீவா வீடு. பின்பக்கம் போனால்தான் விஷயம். வீட்டுக்காரரின் தகப்பன் கப்பல் வியாபாரி. தென்சீனத்தில் இருந்த தங்கள் பரம்பரை வீட்டின் நடுக் கூடத்தைத் தூண், கதவு, உத்தரம், ஓடு என்று அப்படியே கழற்றிப் பெட்டிகளில் அடுக்கி, கப்பலிலும் ரயிலிலுமாகக் கொண்டுவந்து, இங்கே தோட்டத்துக்குள் திரும்பப் பூட்டியிருந்தார். எங்கள் ஆட்கள் ஒரு சூட்கேசோடு வந்து இறங்கிய நாட்டுக்கு அந்த மனிதர் வீட்டையே கொண்டுவந்திருக்கிறார்! அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அவையளுக்குக் குடுத்து வைச்சிருக்கு" என்றார். அப்பா அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

முற்றத்தைச் சுற்றி அறைகள் இருந்ததைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. "உது எங்கடை நாற்சார் வீடு மாதிரித்தானே பிள்ளை" என்றார். மீதிப் பயம் கதவுகளால் வந்தது. ஒவ்வொரு கதவும் மேலிருந்து கீழ்வரை கொத்துவேலை. சிவப்பு அரக்குப் பூச்சு, அதன் மேல் பொன் தகடு. கொக்கு, பீச்சுப் பழம், அலை, மேகம், இடைவெளி கிடைத்த இடமெல்லாம் வௌவால். ஈரத்துணி படக்கூடாது என்று வீட்டுக்காரி ஒரு மெல்லிய தூரிகை கொடுத்திருந்தார். அம்மா கொக்கின் கழுத்தையும் பழத்தின் இலையையும் பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைப்பார். வௌவால் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவசரமாக ஒரு தட்டு. "ஆரும் வௌவாலைக் கதவிலை வைப்பினமோ? இருண்ட வீட்டுச் சாமான்" என்று முணுமுணுப்பார். அது அவர்களுக்கு அதிர்ஷ்டம் என்று பிறகுதான் அறிந்தோம். கர்ப்பூர மரத்தின் மணம் அந்தக் கூடம் முழுக்க நிற்கும். அம்மாவின் சேலைத் தலைப்பில் அது வீடுவரை வரும்.

வீட்டுக்காரியை அம்மா மதாம் என்றுதான் கூப்பிடுவார். மெலிந்த மனுஷி. கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. எங்களோடு மிகக் குறைவாகத்தான் கதைப்பார். மத்தியானத்தில் அவர் கூடத்து மேசையில் தனியே சாப்பிட, நாங்கள் குசினியில் எங்கள் புட்டைச் சாப்பிடுவோம். "நல்ல மனுஷிதான், ஆனால் எடுப்பு, தலைக்கனம்" என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டார். அம்மாவின் தீர்ப்புகளுக்கு அப்பீல் கிடையாது.

இனிக் கூரைக்கு வருகிறேன். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் முகட்டு ஓட்டின் மேல் பூக்கள், மீன்கள், நடுவில் நீண்ட வாலுடைய ஒரு பறவை. எல்லாம் பீங்கான். வார்த்துச் சுட்ட பீங்கான் இல்லை. உடைந்த சோற்றுக் கிண்ணங்களைக் குறட்டால் நறுக்கி நறுக்கி, சுண்ணாம்புக் களியில் ஒவ்வொரு துண்டாகக் குத்தி உண்டாக்கியது. கிண்ணத்துக்கு இயல்பிலேயே வளைவு இருக்கிறதல்லவா, அந்த வளைவுதான் இறகின் வளைவு. வெயில் சாயும் நேரத்தில் அந்தப் பறவை ஒருமுறை உடம்பைச் சிலிர்க்கும். அந்த நேரம் வரும்வரை நான் முற்றத்துப் படியில் காத்திருப்பேன்.

ஆனால் அந்தக் கோடையில் பறவைக்கு வால் இல்லை. முந்தின வசந்தத்தில் பெய்த ஆலங்கட்டி மழை வாலை உடைத்துவிட்டிருந்தது. மதாமின் புருஷன், வீட்டுக்காரரான பெரியவர், ஆஸ்பத்திரியில் இருந்தார். கோடை முடிய வீட்டுக்குக் கொண்டுவந்து, முற்றம் தெரியும்படி அவருக்குக் கட்டில் போடுவதாக ஏற்பாடு. அவர் கண்ணில் முதலில் படப்போவது அந்தப் பறவைதான். அதன் வாலைச் சரிசெய்ய மதாமின் ஊரிலிருந்து ஒருவரை அழைப்பித்திருந்தார்கள். தாடியும் தடியுமாக ஒரு கிழவர் வருவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தது ஜீன்ஸ் போட்ட ஒரு இளந்தாரி. காதில் எந்நேரமும் பாட்டுக் கேட்கும் கருவி. அவனுக்கு ஊரில் மூன்று கோயில் வேலை காத்துக் கிடந்ததாம். விசா முடிவதற்குள் திரும்ப வேண்டும் என்று நின்றான். எனக்கு அவன் கூரை அண்ணா. சுண்ணாம்பில் பழுப்புச் சீனியைக் கொட்டிக் குழைத்ததைப் பார்த்த அம்மா, "இவன் ஆள் விசயகாரன். எங்கடை ஆக்களும் பனங்கட்டி போட்டுத்தானே குழைக்கிறவை" என்று அவனை உடனே சொந்தக்காரன் ஆக்கிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதாம் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது, படிக்கட்டுக்குக் கீழே இருந்த சின்ன அறையைக் காட்டி, அந்தப் பையன் இனி அங்கே இருந்து வேலை செய்வான், கூட்டி ஒழுங்காக்கி வையுங்கள் என்றார். அவர் பிரெஞ்சில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அம்மா கதவைத் திறந்தார். உள்ளே தட்டுத் தட்டாக மரப் பெட்டிகள். ஒன்றைத் திறந்தால் துணியில் சுற்றிய உடைந்த கிண்ணம். மற்றதைத் திறந்தால் அதற்குள்ளும் உடைந்த கிண்ணம்.

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "பாத்தியோ பிள்ளை, அந்த மனுசன் ஏன் ஆஸ்பத்திரியிலை கிடக்குதெண்டு இப்பதான் விளங்குது. உடைஞ்சதை வீட்டுக்குள்ளை வைச்சா மூதேவி வந்து குந்துவாள். அதுவும் இவ்வளவு!" அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. மதாம் தனியே சாப்பிடுவதும், மகன் தூரதேசத்தில் கிடப்பதும், பெரியவரின் வருத்தமும் எல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்து வந்ததாகவே அவர் கண்டார். கூட்டி ஒழுங்காக்கத்தானே சொன்னார்கள்? பெட்டிகளைத் தெருமுனைக் குப்பைத் தொட்டிக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். கூரை அண்ணா மேலே முகட்டில் பாட்டுக் கேட்டபடி பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பின்னேரம் குப்பை லொறி வந்து போனது. அம்மா அறை மூலையில் ஒரு சாம்பிராணிக் குச்சியும் கொளுத்திவிட்டு, நிறைந்த மனத்தோடு வீட்டுக்கு வந்தார்.

திங்கட்கிழமை மதாம் அந்தக் கதவைத் திறந்தார். அம்மா பின்னால் நின்று சிரித்துக்கொண்டு, "எல்லாம் வடிவாத் துப்புரவாக்கிப்போட்டன் எண்டு சொல்லு பிள்ளை" என்றார். நான் சொன்னேன்.

மதாம் மெதுவாகத் திரும்பிப் படிக்கட்டில் இருந்தார். கத்தவில்லை. என்னைப் பார்த்து, ஒரு பிள்ளைக்கு விளங்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அந்தக் கிண்ணங்கள் எல்லாம் இந்தக் குடும்பம் சோறு சாப்பிட்டவை. மாமியார் உடைத்தது, தான் கலியாணம் முடித்து வந்த வருடம் உடைத்தது, மகன் நடை பழகியபோது இழுத்து விழுத்தியது. மேசையில் உடைந்த எதையும் இந்த வீட்டில் எறிவதில்லை. கூரையில் எது உடைந்தாலும் அதை இந்த மேசையில் உடைந்ததைக் கொண்டுதான் ஒட்டுவார்கள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் வற்றிக்கொண்டு போனது. "இன்றைக்கு அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று மதாம் முடித்தார்.

அந்த நாட்களின் பயம் உங்களுக்கு மறந்திருக்காது. இந்த நாட்டில் இருக்க அனுமதிக்கிற பெர்மி எங்களுக்கு இன்னும் வரவில்லை. நிலையான வேலையும் வேலை கொடுத்தவரின் நல்ல வார்த்தையும் இருந்தால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம். எங்களிடம் இருந்த நிலையான வேலை அந்த வீடு ஒன்றுதான். அப்பாவின் உணவகம் ஆளை வைக்கும், எடுக்கும். வீட்டுக்கு வந்த அம்மா செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார்.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போச்சு" என்றார்.

"ஆர் உன்னைப் பிடிக்கச் சொன்னது?" என்று அப்பா வெடித்தார். "வெண்ணெய் திரண்டு வரேக்கை தாழியை உடைச்சுப்போட்டு வந்து நிக்கிறாய்!"

"நான் எங்கை உடைச்சனான்? உடைஞ்சதை எறிஞ்சுபோட்டுத்தானே நிக்கிறன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் அலுமாரியின் மேல் ஒரு மட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் மஞ்சள் கிண்ணங்கள். முட்டையின் மஞ்சட்கருவைப் போன்ற அடர்ந்த நிறம், பளபளப்பு. பிளான்பலே பழஞ்சாமான் சந்தையில் அம்மா தன் முதல் சம்பளத்தில் வாங்கியவை. ஒருநாளும் அதில் சாப்பிட்டதில்லை. பெர்மி வரும் நாளில் வடை, பாயசத்தோடு சமைத்து, எங்களுக்கு உதவிய எல்லோரையும் கூப்பிட்டு, அதில்தான் பரிமாறுவது என்று வைத்திருந்தார். அடுத்த நாள் காலை அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பஸ்ஸில் இருந்தார். வளைவுகளில் கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின. அம்மா கையை உள்ளே விட்டு அவற்றைப் பிடித்துக்கொண்டார்.

மதாம் முற்றத்தில் நின்றார். அம்மா பெட்டியைத் திறந்து அவர் காலடியில் வைத்தார். "எறிஞ்சதுக்கு மாற்றா இதை எடுத்து அந்தப் பறவைக்குப் போடச் சொல்லு" என்றார்.

கூரை அண்ணா ஏணியால் இறங்கி வந்து ஒரு கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தான். அவனுக்குச் சந்தோஷம். ஊரில் இதற்கென்றே புதுக் கிண்ணங்கள் சுட்டு விற்கிறார்கள், உடையும்வரை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றானாம். மதாம் தலையை ஆட்டினார். முடியாது. இவை உடையாதவை. முழுக் கிண்ணத்தைக் கூரைக்காக உடைக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. அதோடு, இவை இந்த மேசையில் சாப்பிட்டவையும் இல்லை.

இப்போது யோசித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உடைந்தது வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்கிற ஒருத்தியும், உடையாததை உடைக்கக்கூடாது என்கிற ஒருத்தியும் ஒரு மட்டைப்பெட்டிக்கு இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நடுவில் இரண்டு பேருக்கும் மொழிபெயர்க்கிற நான். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. வேலை போகப்போகிறது, எங்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று பிரெஞ்சிலும் தமிழிலும் கலந்து அழுதேன்.

மதாம் திடுக்கிட்டுப் போனார். "யார் சொன்னது வேலை போகிறதென்று? நேற்று நான் தனியே அழவேண்டியிருந்தது. அதனால்தான் போகச் சொன்னேன்" என்றார். பிறகு குனிந்து மஞ்சள் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்தார். "முதலில் சாப்பிடுவோம்" என்றார்.

கூடத்து மேசையில், கொக்குகளும் வௌவால்களும் பார்த்துக்கொண்டிருக்க, மஞ்சள் கிண்ணங்களில் சோறு வந்தது. ஒரு தட்டில் இறைச்சியும் வந்தது. அம்மா தலையசைத்தார். மதாமின் முகம் சுருங்கியது. நான் அவசரமாக, இன்று செவ்வாய், அம்மா செவ்வாயும் வெள்ளியும் மச்சம் சாப்பிடமாட்டார் என்றேன். மதாம் கரண்டியைக் கீழே வைத்தார். வேலைக்கு வந்த முதல் நாள் அம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டாராம். அன்று அம்மா தட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாராம். எங்கள் கையால் சாப்பிடமாட்டாள்போல என்று நினைத்து, அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லையாம். "அன்று வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமைதான். ஒருத்தியின் விரதம் மற்றவளுக்கு எடுப்பாகத் தெரிந்திருக்கிறது. மற்றவளின் கூச்சம் இவளுக்கு எடுப்பாகத் தெரிந்திருக்கிறது. அன்று இறைச்சித் தட்டைக் கூரை அண்ணா தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மதாம் எங்கள் புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் எடுத்துச் சாப்பிட்டார். உறைப்பில் மூக்கு வடிந்தது.

சாப்பிட்டு முடிந்து கழுவிய கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. இனி அவை இந்த மேசையில் சாப்பிட்டவைதான். ஆனால் உடைப்பது யார்? மதாம் கையில் எடுத்தார், வைத்தார். அம்மா ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக் கல்லுக்குப் போனார்.

"நல்லதுக்குத் தேங்காய் உடைக்கிறேல்லையோ? அதுமாதிரித்தான். சொல்லு பிள்ளை" என்றார். நான் தேங்காயைப் பிரெஞ்சில் சொல்லி முடிப்பதற்குள், "பிள்ளையாரே!" என்று ஓங்கிப் போட்டார்.

அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. மதாம் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. கண்ணால் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். பிள்ளையாரின் பெயரைச் சீனத்து நாக்கு படுத்திய பாட்டை எழுத்தில் கொண்டுவர முடியாது.

வால் வளர்ந்தது. கிண்ணம் தடிப்பு, குறடு மழுங்குகிறது என்று கூரை அண்ணா முனகிக்கொண்டே செய்தான். நான் நிறத்துக்கும் நீளத்துக்கும் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். விசா முடிவதற்கு முன் அவன் புறப்பட்டான். பெரியவர் சக்கர நாற்காலியில் முற்றத்துக்கு வந்த நாள் நல்ல வெயில். அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார். "எங்களிடம் மஞ்சள் இருந்ததில்லையே" என்றார். "இப்போது இருக்கிறது. நம்முடைய மேசையில் உடைந்ததுதான்" என்றார் மதாம். பெரியவர் அம்மாவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். அம்மா சேலைத் தலைப்பால் பக்கத்துத் தூணைத் துடைத்தார்.

பெர்மி அடுத்த வருடம் வந்தது. அம்மா வடையும் பாயசமும் செய்தார், பரிமாறக் கிண்ணம் இல்லை. அதைக் கேள்விப்பட்ட மதாம் நீல விளிம்பு போட்ட கிண்ணங்களைத் தன் கையாலேயே கொண்டுவந்து தந்தார். "உடைந்தால் எறியாதே" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி. தம்பி உடைத்தது, நான் கோபத்தில் எறிந்தது, அப்பா கடைசியாகத் தேத்தண்ணி குடித்த குவளை, எல்லாம் அதற்குள் போயின. "சாப்பிட்டு உடைஞ்சதுக்குத் தோசமில்லை" என்று அம்மா புதுச் சட்டம் போட்டார். "சாத்திரத்தையே மாத்திப்போட்டாள்" என்று அப்பா இருக்கும்வரை பகிடி பண்ணினார்.

மதாமும் பெரியவரும் இப்போது இல்லை. இந்த வசந்தத்தில் பெய்த ஆலங்கட்டியை நீங்களும் பார்த்தீர்கள், எத்தனை காருக்குக் கண்ணாடி போனது! கலியாண வீட்டால் வந்த கிழமை அந்தப் பக்கம் பஸ்ஸில் போனபோது, பச்சை யன்னல்களுக்குப் பின்னால் சாரம் கட்டியிருந்ததைக் கண்டேன். இறங்கிப் போய் மணியை அடித்தேன். அவர்களுடைய பேரன் கதவைத் திறந்தான். கூரையில் வேலை செய்துகொண்டிருந்தவள் கூரை அண்ணாவின் மகள். அதே ஜீன்ஸ். காதில் இருந்த பாட்டுக் கருவிக்கு இப்போது கம்பி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மஞ்சள் வால் அசையாமல் இருந்தது. இந்த முறை அடி விழுந்தது பறவையின் நெஞ்சில்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னோடுதான் இருக்கிறார். கை நடுங்கும். முந்தின கிழமைதான், தன் கையால் தேத்தண்ணி எடுத்துக் குடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, மதாம் தந்ததில் மிஞ்சியிருந்த கடைசி நீல விளிம்புக் கிண்ணத்தைப் போட்டுடைத்திருந்தார். இனித் தன் கை ஒன்றுக்கும் உதவாது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். துண்டுகளைப் பொறுக்கிக் கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியில் போட்டபோது எனக்கும் மனம் உடைந்துதான் போயிருந்தது.

"பெட்டியைக் கொண்டுபோய்க் குடு" என்றார் அம்மா. "வெள்ளிக்கிழமையிலை மட்டும் கொண்டுபோகாதை. வெள்ளியிலை வீட்டுச் சாமானை வெளியிலை விடப்படாது. அண்டைக்கு நான் விட்ட பிழை அதுதான்."

இத்தனை வருடமும் அம்மா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! சனிக்கிழமை கொண்டுபோனேன். பேரன் பெட்டியைப் பார்த்துவிட்டு, பாட்டியின் குரலிலேயே, "எல்லாம் சாப்பிட்டு உடைந்ததுதானே?" என்று கேட்டான். ஓம் என்றேன். கூரைக்காரி பெட்டிக்குள் மேலாகக் கிடந்த நீல விளிம்புத் துண்டுகளைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள். குறட்டைத் தேடி எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்ரை கிண்ணத்தை எங்கை வைக்கப் போகினமாம்?"

"நெஞ்சிலை எண்டு சொன்னவள், அம்மா."

அம்மா மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப பரவாயில்லை. நல்லதாப் பாத்துத்தான் உடைச்சிருக்கிறன்" என்றார்.